உணவு, மருந்து, காஸ்மெடிக் எக்ஸ்போர்ட்டுக்கு அரசு சர்டிபிகேட்: இழுவை இல்லாம வாங்க முழுமையான வழிகாட்டி

சரக்கு ரெடி, பையர் ரெடி, கன்டெய்னரும் புக் பண்ணியாச்சு, ஆனா அரசாங்கம் குடுக்க வேண்டிய ஒரே ஒரு பேப்பர் வரலைன்னு மொத்தமும் நிக்கும். எக்ஸ்போர்ட் பண்ற யாரக் கேட்டாலும் இப்படி ஒரு கதை வச்சிருப்பாங்க, கூடவே ஆபீஸ்ல ஃபைல் தூங்குதுன்னு நாலு திட்டும் இருக்கும். சில சமயம் அந்தத் திட்டு நியாயம்தான். ஆனா நெறைய தடவ ஃபைல் நிக்கிறதுக்குக் காரணம் நாம அனுப்புன பேப்பருக்குள்ளயே ஒளிஞ்சிருக்கும். லைசென்ஸ்ல ஒரு கம்பெனிப் பேரு, லேபிள்ல கொஞ்சம் வேற, அப்ளிகேஷன்ல இன்னும் கொஞ்சம் வேற. படிக்கிற ஆபீசருக்கு இது மூணும் ஒரே கம்பெனின்னு எப்படித் தெரியும், அவர் கேள்வி கேட்டுத்தான் ஆகணும், கேட்டா அங்கயே ரெண்டு மூணு வாரம் போச்சு.

அதனால இந்த வழிகாட்டில பாதி, ஃபைல் நம்ம கைய விட்டுப் போறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலையப் பத்தித்தான்.

மொதல்ல இந்த பேப்பர் என்ன சொல்லுது, என்ன சொல்லல

ஃப்ரீ சேல் சர்டிபிகேட் (பொருள் உள்நாட்டுல தடையில்லாம விக்குதுன்னு சொல்றது), எக்ஸ்போர்ட் சர்டிபிகேட், ஹெல்த் சர்டிபிகேட், ஜிஎம்பி (நல்ல தயாரிப்பு முறை) சர்டிபிகேட், சிபிபி (மருந்துப் பொருளுக்கான சர்டிபிகேட்)ன்னு பேரு நெறைய இருக்கு. எல்லாத்துக்கும் அடிப்படை ஒண்ணுதான்: இந்தத் தயாரிப்பாளர் எங்க கண்காணிப்புல இருக்காரு, இந்தப் பொருள் எங்க சட்டப்படி இந்த நிலைமைல இருக்குன்னு ஒரு அரசு இன்னொரு அரசுக்கு எழுதிக் குடுக்குது, அவ்ளோதான். உங்க நாட்டு லேபிள் விதிக்கு இது பொருந்தும், உங்க ஊர்ல இத விக்கலாம்னெல்லாம் அந்த பேப்பர் சொல்லாது. சர்டிபிகேட் வந்துருச்சு, இனி பிரச்சனையே இல்லன்னு நெனைக்கிற பையருக்கு இத ஆரம்பத்துலயே சொல்லி வைக்கறது நல்லது.

இன்னொண்ணு, பெரும்பாலும் இதக் கேக்கறது இறக்குமதி பண்ற நாடுதான். உதாரணமா அமெரிக்கால உணவு, மருந்தக் கண்காணிக்கிற எஃப்டிஏ கிட்ட சர்டிபிகேட் வாங்காம சரக்கு அனுப்பக் கூடாதுன்னு எஃப்டிஏ சொல்றது கெடையாது, அந்தப் பக்கம் இருக்குற ரெகுலேட்டரோ கஸ்டம்ஸோ கேக்கறதாலதான் எல்லாரும் வாங்கறாங்க. அப்போ எங்கிருந்து ஆரம்பிக்கணும்? போய்ச் சேர்ற நாட்டுல இருந்து. நம்ம ஆபீஸ் ஃபாரத்துல இருந்து ஆரம்பிச்சா தப்பான சர்டிபிகேட்ட ரொம்ப வேகமா வாங்கி வச்சிட்டு உக்காந்திருப்போம்.

ஸ்டெப் 1: உங்க பொருள் அங்க எந்த வகைல வருதுன்னு பாருங்க

இங்க உணவுன்னா அங்கயும் உணவுதான்னு எடுத்துக்காதீங்க. சன்ஸ்கிரீன் அமெரிக்கால மருந்து, ஐரோப்பிய யூனியன்ல காஸ்மெடிக். ஃப்ளோரைடு டூத்பேஸ்டும் பொடுகு ஷாம்பூவும் அமெரிக்கால மருந்துக் கணக்குதான். வைட்டமின் மாத்திரை அமெரிக்கால டயட்டரி சப்ளிமென்ட், அதாவது உணவுச் சட்டத்துக்குக் கீழ வரும், அதே மாத்திரை ஆஸ்திரேலியா போனா பொதுவா காம்ப்ளிமென்டரி மெடிசின், அந்த நாட்டு மருந்து ரெகுலேட்டர் டிஜிஏ பாத்துக்குது. அப்போ ஆஸ்திரேலியால மருந்தா பதிவு பண்றதுக்கு அமெரிக்கக் கம்பெனிகிட்ட மருந்து சர்டிபிகேட் குடுன்னா அது எங்கிருந்து குடுக்கும்? அந்த நாட்ல அது மருந்தே இல்லையே.

இந்த மாதிரி வகை மாறுற பொருள்னா பையர், அவரோட லோக்கல் ஏஜென்ட் ரெண்டு பேர்கிட்டயும் ஒரு கேள்விய எழுத்துல கேளுங்க: எங்க நாட்ல இது இந்த வகைல இருக்கு, அதுக்கு இந்த அதிகாரி இந்த சர்டிபிகேட்தான் குடுப்பாரு, உங்க ரெகுலேட்டர் இத ஏத்துக்குவாரா? ஆமான்னு ஒரு ஈமெயில் வந்தா போதும். வராட்டி அப்ளிகேஷன் போடாதீங்க.

ஸ்டெப் 2: சர்டிபிகேட்டோட சரியான பேரும் வாசகமும் எழுத்துல வாங்குங்க

ஃப்ரீ சேல் அனுப்புங்கன்னு பையர் ஃபோன்ல சொல்லுவாரு. அத நம்பி எறங்கக் கூடாது, ஏன்னா அவர் ஃப்ரீ சேல்னு சொல்றது ஹெல்த் சர்டிபிகேட்டா இருக்கலாம், சிபிபியா கூட இருக்கலாம். அவங்க ரெகுலேட்டர் வெளியிட்ட செக்லிஸ்ட்ட அனுப்பச் சொல்லுங்க. அந்த நாட்டுக்கு ஏற்கனவே ஏத்துக்கிட்ட ஒரு பழைய சர்டிபிகேட்டோட காப்பி, கம்பெனிப் பேர மறைச்சாவது கெடைக்குமான்னு கேளுங்க. கெடைச்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

செக்லிஸ்ட்ல பாக்க வேண்டியது: அரசுதான் குடுக்கணுமா இல்ல சேம்பர் ஆஃப் காமர்ஸ் குடுத்தா போதுமா, பொருளோட பேர் மட்டும் போதுமா ஃபார்முலாவும் சேத்து அட்டாச் பண்ணணுமா, தயாரிக்கிற இடத்தோட முகவரி வரணுமா, குடுத்த தேதி எத்தன மாசத்துக்குள்ள இருக்கணும், எந்த மொழி, ஒரிஜினலா டிஜிட்டலா, அப்போஸ்டில் (டாக்குமென்ட்ல உள்ள கையெழுத்து நெஜம்னு வெளிநாட்டுக்காக அரசு போடற முத்திரை) வேணுமா. கடைசில இருக்குற ரெண்டும்தான் பின்னாடி ரொம்ப அடி வாங்க வைக்கும்.

அவங்க கேக்குற வாசகம் உங்க அரசு ஆபீஸோட டெம்ப்ளேட்ல இல்லன்னா என்ன பண்றது? பெரும்பாலான ஆபீஸ் டெம்ப்ளேட்ட மாத்த மாட்டாங்க, மாத்தச் சொல்லி மல்லுக்கட்டறது வீண் வேலை. டெம்ப்ளேட்டோட மாதிரிய முன்கூட்டியே அந்தப் பக்கம் அனுப்பி இது ஓகேவான்னு கேட்டுக்கறதுதான் வேகமான வழி. விட்டுப்போன தகவல மட்டும் கம்பெனி டிக்ளரேஷனா நோட்டரி பண்ணிக் குடுத்தா ஏத்துக்குவாங்களான்னும் அதே ஈமெயில்ல கேட்டுருங்க.

ஸ்டெப் 3: யார் குடுக்கணும்னு உறுதி பண்ணுங்க

ஒரே நாட்டுக்குள்ளயே இது நாலா பிரிஞ்சு கெடக்கும். அமெரிக்காவ எடுத்துக்கிட்டா பொதுவான உணவு, மருந்து, காஸ்மெடிக்னா எஃப்டிஏ. இறைச்சி, கோழின்னா விவசாயத் துறைக்குக் கீழ இருக்குற எஃப்எஸ்ஐஎஸ். ஐரோப்பாவுக்குப் போற பால் பொருள்னா அதே விவசாயத் துறையோட ஏஎம்எஸ். கடல் உணவுன்னா கடல், வானிலை பாத்துக்கற நோவா. இது போக சில மாநில அரசுகளும் ஃப்ரீ சேல் சர்டிபிகேட் குடுக்குது. மாநிலம் குடுக்கறது சீக்கிரம் வரும்னு அங்க ஓடறவங்க உண்டு, ஆனா சில நாடுகள் மத்திய அரசு குடுத்தாதான் எடுத்துக்கும். வேகத்தப் பாத்து முடிவு பண்ணாதீங்க, யார் கையெழுத்து செல்லும்னு பாத்து முடிவு பண்ணுங்க.

பிராண்ட் ஒரு நாட்டுது, தயாரிப்பு இன்னொரு நாட்டுல கான்ட்ராக்ட்டுக்குன்னா இன்னும் சிக்கல். ஃப்ரீ சேல் எங்கிருந்து வரணும், விக்கிற நாட்டுல இருந்தா தயாரிக்கிற நாட்டுல இருந்தா? நாட்டுக்கு நாடு பதில் வேற. சில எடத்துல ரெண்டும் கேப்பாங்க, ஜிஎம்பி தயாரிக்கிற எடத்துல இருந்து, ஃப்ரீ சேல் விக்கிற எடத்துல இருந்துன்னு. கான்ட்ராக்ட் தயாரிப்பாளரோட அக்ரிமென்ட் போடும்போதே ஏற்றுமதி சர்டிபிகேட்டுக்கு எங்க லைசென்ஸ் காப்பியும் ஒத்துழைப்பும் குடுப்போம்னு அவங்க ஒத்துக்கற மாதிரி ஒரு வரி சேத்துக்கங்க. இல்லன்னா நடு வழியில லைசென்ஸ் காப்பி ரகசியம்னு அவங்க கைய விரிப்பாங்க.

ஸ்டெப் 4: மாஸ்டர் ஃபைல்

இதுதான் இந்த மொத்த விஷயத்தோட உயிர், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

ஒரு ஃபோல்டர். உள்ள தயாரிப்பு லைசென்ஸ் இல்ல ரெஜிஸ்ட்ரேஷன், ஜிஎம்பி சர்டிபிகேட், கடைசி இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட், அதுல சொன்ன குறைகளுக்கு நீங்க குடுத்த பதில், ஒவ்வொரு பொருளுக்கும் இப்ப மார்க்கெட்ல இருக்குற லேபிள், ஃபார்முலா, பொருள் பட்டியல், கையெழுத்துப் போட அதிகாரம் உள்ளவரோட ஆத்தரைசேஷன் லெட்டர். எல்லாம் பிடிஎஃப், ஃபைல் பேர்லயே தேதி. இது எல்லா கம்பெனிலயும் ஏதோ ஒரு ரூபத்துல இருக்கும். இல்லாதது என்னன்னா இது எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒருத்தர் எழுத்தெழுத்தாப் படிச்சுப் பாத்தது.

ஒரு ஷீட் போடுங்க. மொத காலம்ல கம்பெனியோட சட்டப்பூர்வ பேர், லைசென்ஸ்ல எப்படி இருக்கோ அப்படியே, புள்ளி கமா உட்பட. அடுத்து தயாரிப்பு எடத்தோட முகவரி, பின்கோடு வரைக்கும். அடுத்து பொருளோட பேர், லேபிள்ல அச்சடிச்சபடி. அப்புறம் அளவு, ஸ்ட்ரெங்த், பேக்கிங். இப்ப ஒவ்வொரு டாக்குமென்ட்டையும் எடுத்து ஷீட்டோட ஒப்பிடுங்க. லைசென்ஸ்ல "யூனிட் 2, பிளாக் பி"ன்னு இருக்கும், லேபிள்ல "பிளாக் பி" மட்டும் இருக்கும், இன்வாய்ஸ்ல ஹெட் ஆபீஸ் முகவரி இருக்கும். லேபிள்ல "ஹெர்பல் ஷாம்பூ 200 மிலி", அப்ளிகேஷன்ல "ஹெர்பல் கேர் ஷாம்பூ". நமக்கு இதெல்லாம் ஒரே பொருள். வெளிநாட்டு ரெகுலேட்டர் மேசைல இது ரெண்டு பொருள், ஒண்ணுக்குத்தான் சர்டிபிகேட் இருக்கு.

வித்தியாசம் தெரிஞ்சா என்ன பண்றது? சின்ன வித்தியாசம்னா லைசென்ஸ்ல உள்ளதையே எல்லா எடத்துலயும் போடுங்க. லைசென்ஸே பழசாகி, தெருப் பேரு மாறியிருந்தா, மொதல்ல லைசென்ஸ திருத்துங்க, அதுக்கப்புறம்தான் சர்டிபிகேட் பக்கம் போகணும். இதத் தள்ளிப் போட்டு விளக்கக் கடிதம் எழுதிச் சமாளிக்கலாம்னு தோணும். ஒரு தடவ சமாளிக்கலாம், ஆனா அடுத்த நாடு, அடுத்த வருஷம், அடுத்த ரினீவல்னு ஒவ்வொரு தடவையும் அதே கடிதம் எழுதிக்கிட்டே இருக்கணும்.

ரெஜிஸ்ட்ரேஷன் உயிரோட இருக்கான்னும் பாருங்க. அமெரிக்கால உணவு தயாரிக்கிற எடத்தோட பதிவ ஒவ்வொரு இரட்டைப்படை வருஷமும் அக்டோபர் 1ல இருந்து டிசம்பர் 31க்குள்ள புதுப்பிக்கணும், விட்டா பதிவு காலாவதி. காஸ்மெடிக்குக்கு 2022ல வந்த மோக்ரா சட்டத்துக்குப் பிறகு தயாரிப்பு எடத்தப் பதிவு பண்றதும் பொருள் லிஸ்டிங்கும் கட்டாயம் ஆயிருச்சு. இந்த மாதிரி அடிப்படைப் பதிவு செத்துக் கெடந்தா மேல என்ன அப்ளிகேஷன் போட்டும் பிரயோஜனம் இல்ல, கட்டின ஃபீஸும் நாளும்தான் போகும்.

இன்ஸ்பெக்ஷன்ல ஏதாவது பெண்டிங் இருந்தா மறைக்க நெனைக்காதீங்க. சர்டிபிகேட் குடுக்கற ஆபீஸ் மொதல்ல பாக்கறதே அந்த எடத்தோட இணக்க நிலைமையத்தான், ஜிஎம்பில பெரிய குறை தொறந்தே கெடந்தா மருந்துக்கு சர்டிபிகேட் மறுக்கப்படும். அங்க முடிக்க வேண்டியத முடிச்சிட்டு வர்றதுதான் குறுக்கு வழி.

ஸ்டெப் 5: அப்ளிகேஷன் போடும்போது

சின்னச் சின்ன முடிவுதான், ஆனா காசும் நாளும் இதுலதான் மிச்சம். ஒரு சர்டிபிகேட்ல எத்தன பொருள் போடலாம்னு பாருங்க. நெறைய போடலாம்னு விட்டாலும் எல்லாத்தையும் ஒண்ணா அடைக்காதீங்க, ஏன்னா அதுல ஒரு பொருளுக்குக் கேள்வி வந்தா மிச்சம் எல்லாமும் சேந்து நிக்கும். லேபிள்ல கொஞ்சம் சந்தேகம் உள்ள பொருள், புதுசா வந்த பொருள் இதெல்லாம் தனி அப்ளிகேஷன். நாலு நாட்டுக்கு அனுப்பப் போறீங்கன்னா நாலு ஒரிஜினலும் ஒரே அப்ளிகேஷன்ல கேளுங்க, கூடுதல் காப்பிக்கு பல எடத்துல கட்டணம் கம்மி.

கட்டணமும் காலக்கெடுவும் சட்டத்துலயே இருந்தா தெரிஞ்சு வச்சுக்கங்க, பாக்கி நிக்கும்போது மரியாதையா நினைவுபடுத்த உதவும். அமெரிக்கால 1996ல வந்த திருத்தம் மருந்து, மெடிக்கல் டிவைஸ் சர்டிபிகேட்ட கேட்டு 20 நாளுக்குள்ள குடுக்கணும், ஒரு சர்டிபிகேட்டுக்கு 175 டாலருக்கு மேல கட்டணம் கூடாதுன்னு வச்சிருக்கு. உணவுக்குக் கட்டணம் வாங்குற அதிகாரம் 2011ல வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல சேந்துச்சு. ஆனா அந்த நாள் கணக்கு முழுமையான அப்ளிகேஷனுக்குத்தான். குறையோட போனது திரும்பி வந்தா கணக்கு மறுபடி மொதல்ல இருந்து.

கவரிங் லெட்டர் ஒரு பக்கத்துக்கு மேல வேணாம். எந்த நாடு, எந்தப் பொருள், எத்தன ஒரிஜினல், ஏதாவது வழக்கத்துக்கு மாறானது இருந்தா அத நீங்களே முதல் பத்திலயே சொல்லிருங்க. ஆபீசர் கண்டுபிடிச்சுக் கேக்கறதுக்கும் நீங்களே சொல்றதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு. பொருள் உள்நாட்டுல வேற பிராண்ட் பேர்ல விக்குது, ஃபார்முலா அதேதான்னா அந்த ஒரு வரிய மறக்காதீங்க, இல்லன்னா விக்காத பொருளுக்கு ஃப்ரீ சேல் கேக்கறீங்கன்னு திருப்பிருவாங்க.

உள்நாட்டுல விக்கவே விக்காத, ஏற்றுமதிக்கு மட்டும் செய்யற பொருள்னா அதுக்கு ஃப்ரீ சேல் கேக்கறதே தப்பு. அதுக்குத் தனி வாசகம், தனி சர்டிபிகேட் இருக்கும். அமெரிக்கச் சட்டத்துல உள்நாட்டு விதிக்குப் பொருந்தாத பொருள ஏற்றுமதி பண்ண நாலு நிபந்தனை: வாங்கறவரோட ஸ்பெசிஃபிகேஷன் படி இருக்கணும், போற நாட்டுச் சட்டத்துக்கு முரணா இருக்கக் கூடாது, வெளிப் பெட்டில ஏற்றுமதிக்குன்னு எழுதியிருக்கணும், உள்நாட்டுல வித்திருக்கவோ விக்க வச்சிருக்கவோ கூடாது. இந்த நாலுக்கும் ஆதாரம் கைல வச்சுக்கிட்டு போங்க.

ஸ்டெப் 6: மருந்துன்னா சிபிபி

உலக சுகாதார அமைப்பு 1969ல கொண்டு வந்த சர்டிபிகேஷன் ஸ்கீம்தான் இதுக்கு அடிப்படை. அதுல மூணு டாக்குமென்ட்: மருந்துப் பொருளுக்கான சர்டிபிகேட், அதாவது சிபிபி, அப்புறம் லைசென்ஸ் நிலை பத்தின அறிக்கை, மூணாவது பேட்ச் சர்டிபிகேட். புது ரெஜிஸ்ட்ரேஷனுக்குக் கேக்கறது சிபிபி. டெண்டர்ல லிஸ்ட்டா பல மருந்து ஒண்ணா போனா லைசென்ஸ் நிலை அறிக்கை போதும்னு இருக்கும். பேட்ச் சர்டிபிகேட் ஒவ்வொரு பேட்ச்சுக்கும், பெரும்பாலும் தயாரிப்பாளரே குடுக்கறது, தடுப்பூசி மாதிரி சில பொருளுக்கு மட்டும் அரசு குடுக்கும்.

சிபிபில எல்லாரும் கவனிக்காம விடற எடம் ஒண்ணு இருக்கு. அந்தப் பொருள் ஏற்றுமதி நாட்ல லைசென்ஸ் ஆகியிருக்கா, நெஜமாவே மார்க்கெட்ல இருக்கான்னு ரெண்டு தனிக் கேள்வி. லைசென்ஸ் இருந்தும் மார்க்கெட்ல இல்லாத மருந்து உண்டு. லைசென்ஸ் இல்லன்னா ஏன் இல்லன்னு டிக் பண்ண நாலு காரணம் குடுத்திருப்பாங்க: தேவையில்ல, கேக்கல, பரிசீலனைல இருக்கு, மறுக்கப்பட்டது. ஏற்றுமதிக்கு மட்டும் செய்யற மருந்துன்னா "கேக்கல"ங்கறதுதான் பொதுவா வரும், அதுக்குக் கீழ ரிமார்க்ஸ்ல ஒரு தெளிவான காரணம் எழுத எடம் இருக்கும். ஏற்றுமதி நாட்ல இல்லாத நோய்க்கான மருந்துன்னோ, வெப்ப மண்டலத்துல தாங்கற மாதிரி ஃபார்முலா மாத்துனதுன்னோ எழுதலாம். இத காலியா விட்டா அந்தப் பக்க ரெகுலேட்டர் மனசுல மொதல்ல வர்றது, உங்க நாட்லயே விக்காதத எங்களுக்கு ஏன் அனுப்பறீங்கங்கறதுதான். நாலு வரி விளக்கம் நாலு மாச கேள்வி பதில மிச்சம் பண்ணும்.

ஃபார்முலா அட்டாச்மென்ட்ல ஆக்டிவ் (வேலை செய்யற மருந்து) மட்டும் போதுமா எக்ஸிபியன்ட்டும் (கூடச் சேக்கற மத்த பொருள்) வேணுமான்னு போற நாட்டப் பொறுத்து முன்கூட்டியே கேட்டுக்கங்க. டோசியர்ல (ரெஜிஸ்ட்ரேஷனுக்குக் குடுக்கற ஆவணத் தொகுப்பு) குடுத்த அளவும் சிபிபில வர்ற அளவும் ஒரே யூனிட்ல இருக்கணும், ஒண்ணுல உப்பு வடிவத்தோட எடை, இன்னொண்ணுல உப்பு சேராத மூல மருந்தோட (பேஸ்) எடைன்னு இருந்தா நிச்சயம் கேள்வி வரும்.

ஸ்டெப் 7: உணவு

உணவுல ரெண்டு வகைய குழப்பிக்கக் கூடாது. ஒண்ணு பொருளுக்கான சர்டிபிகேட், ஒரு தடவ வாங்குனா அதோட செல்லுபடி முடியற வரைக்கும் பல சரக்குக்கு ஓடும். இன்னொண்ணு கன்சைன்மென்ட்டுக்கான ஹெல்த் சர்டிபிகேட், இறைச்சி, பால், மீன், முட்டை மாதிரி விலங்குப் பொருளுக்கு ஒவ்வொரு ஷிப்மென்ட்டுக்கும் தனித்தனி. இதுல லாட் நம்பர், சீல் நம்பர், பெட்டி எண்ணிக்கை, நிகர எடை எல்லாம் பேக்கிங் லிஸ்ட்டோட அப்படியே ஒத்துப் போகணும், சரக்கு கிளம்பறதுக்கு முன்னாடியே கையெழுத்து ஆகியிருக்கணும். கப்பல் போன பிறகு தேதி போட்ட சர்டிபிகேட் பல துறைமுகத்துல குப்பைக்குச் சமம். லோடிங் அன்னிக்கு கடைசி நேரத்துல பெட்டி எண்ணிக்கைய மாத்துற பழக்கம் உங்க கிடங்குல இருந்தா மொதல்ல அத நிறுத்துங்க.

கலப்புப் பொருள்னா, அதாவது பாலோ முட்டையோ சேந்த பிஸ்கட், சாஸ் மாதிரி, ஐரோப்பிய யூனியன் 2021 ஏப்ரல் 21ல இருந்து விதிய மாத்திருச்சு. சதவீதத்த மட்டும் பாக்காம, குளிர்ல வைக்கணுமா, உள்ள இறைச்சி இருக்கான்னு பாக்கறாங்க. அறை வெப்பத்துல கெடாத, இறைச்சி இல்லாத பொருளுக்கு பொதுவா அரசு சர்டிபிகேட்டுக்குப் பதிலா இம்போர்ட்டர் கையெழுத்துப் போட்ட பிரைவேட் அட்டஸ்டேஷன், அதாவது தனியார் உறுதிமொழி போதும். ஆனா உள்ள போன பாலும் முட்டையும் அவங்க ஏத்துக்கிட்ட எடத்துல இருந்து வந்ததுன்னு காட்டணும். தேவையில்லாத அரசு சர்டிபிகேட்டுக்கு அலையறதும் நேர விரயம்தான், அதனால எது வேணாம்னும் பாத்துக்கங்க.

சீனாவுக்குன்னா சர்டிபிகேட் மட்டும் பத்தாது. 2022 ஜனவரி 1ல இருந்து வெளிநாட்டு உணவு தயாரிப்பாளர் அங்க கஸ்டம்ஸ்ல பதிவு பண்ணியிருக்கணும், சில வகைக்கு உங்க நாட்டு அதிகாரியே பரிந்துரைக்கணும், அந்தப் பதிவு எண் பேக்கிங்ல வரணும். இதுக்கு ஆகுற காலத்த சர்டிபிகேட் காலத்தோட சேத்துக் கணக்குப் போடுங்க.

ஸ்டெப் 8: காஸ்மெடிக்

காஸ்மெடிக்ல பல நாட்ல விக்கிறதுக்கு முன்னாடி அரசு அனுமதின்னு ஒண்ணே கெடையாது, ஐரோப்பால கூட நோட்டிஃபிகேஷன்தான், அதாவது தகவல் தெரிவிச்சா போதும். அனுமதியே குடுக்காத அரசுகிட்ட அனுமதி சர்டிபிகேட் கேட்டா எப்படி வரும்? அங்க கெடைக்கிறது, இந்தக் கம்பெனி இந்த நாட்ல இயங்குது, இந்தப் பொருள் சந்தைல இருக்குங்கறது மட்டும்தான். ஜிஎம்பிக்கு ஐஎஸ்ஓ 22716, அதாவது காஸ்மெடிக் தயாரிப்புக்கான சர்வதேச தரம், இருந்தா பெரிய உதவி, ஆனா அது தனியார் ஆடிட்டர் குடுத்ததா அரசு குடுத்ததாங்கறத சில நாடுகள் ரொம்பக் கூர்மையா பாக்கும்.

அதுக்கு நல்ல உதாரணம் சீனா. 2021 மே 1ல இருந்து சாதாரண காஸ்மெடிக்குக்கு, தயாரிக்கிற நாட்டு அரசுத் துறை குடுத்த ஜிஎம்பி சர்டிபிகேட்டும் பாதுகாப்பு மதிப்பீடும் இருந்தா விலங்குச் சோதனைல இருந்து விலக்கு. அரசே ஜிஎம்பி சர்டிபிகேட் குடுக்காத நாட்டு கம்பெனிகள் இதுல மாட்டிக்கிச்சு, ஃப்ரான்ஸ் இதுக்குன்னே ஒரு ஏற்பாடு பண்ணி முன்னாடி போயிருச்சு. ஹேர் டை, சன்ஸ்கிரீன், முடி உதிர்வு தடுக்கறது இதெல்லாம் ஸ்பெஷல் வகை, இந்த விலக்குக்குள்ள வராது, குழந்தைகளுக்கானதும் வராது.

ஷேட், வாசனை பத்தி ஒரு வார்த்தை. லிப்ஸ்டிக் ஒரே பேர்ல முப்பது ஷேட் இருக்கும். சர்டிபிகேட்ல வெறும் பொருள் பேர் மட்டும் வந்தா சில நாட்ல எல்லா ஷேடும் கவர் ஆகும், சில நாட்ல ஒண்ணு கூட ஆகாது. ஷேட் பேரும் நம்பரும் லேபிள்ல உள்ளபடி லிஸ்ட்டா அட்டாச் பண்றதுதான் பாதுகாப்பு.

ஸ்டெப் 9: அப்போஸ்டில், எம்பசி

சர்டிபிகேட் கைக்கு வந்தாச்சுன்னு மூச்சு விடற எடம் இது, ஆனா பாதி நாடுகளுக்கு இன்னும் ஒரு கட்டம் பாக்கி. 1961 ஹேக் மாநாட்டு ஒப்பந்தத்துல ரெண்டு நாடும் இருந்தா அப்போஸ்டில் போதும், இல்லன்னா வெளியுறவுத் துறை, எம்பசின்னு சங்கிலியா போகணும். லிஸ்ட் மாறிக்கிட்டே இருக்கு, சீனால 2023 நவம்பர் 7லயும் கனடால 2024 ஜனவரி 11லயும் அமலுக்கு வந்துச்சு. பழைய ஏஜென்ட் பழக்க தோஷத்துல இன்னும் எம்பசி கட்டணம் வாங்கிக்கிட்டு இருந்தா கேளுங்க.

இங்க ஒரு நுணுக்கம். அந்த ஒப்பந்தமே வணிகம், கஸ்டம்ஸ் வேலைக்கு நேரடியா சம்பந்தப்பட்ட நிர்வாக டாக்குமென்ட்டுக்குப் பொருந்தாதுன்னு சொல்லுது. பல நாடுகள் இதக் குறுகலா அர்த்தம் பண்ணி ஹெல்த், ஃப்ரீ சேல் சர்டிபிகேட்டுக்கு அப்போஸ்டில் போட்டுக் குடுக்குது, சில எடத்துல கவுன்டர்ல முடியாதுன்னுருவாங்க. அதனால ரெண்டு பக்கமும் கேட்டுட்டு கொரியர் போடுங்க. இன்னொண்ணு, கையெழுத்துப் போட்ட ஆபீசரோட மாதிரிக் கையெழுத்து அப்போஸ்டில் ஆபீஸ்ல பதிவாகியிருக்கணும். புது ஆபீசர் வந்த சமயத்துல இதனால சர்டிபிகேட் திரும்பி வர்றது சகஜம்.

ஸ்டெப் 10: வந்ததும் படிங்க, காலண்டர்ல போடுங்க

வந்த அன்னிக்கே ஸ்டெப் 4 ஷீட்ட எடுத்து வச்சு மறுபடி எழுத்தெழுத்தா ஒப்பிடுங்க. தப்பு இருந்தா கைல திருத்தாதீங்க, பேனா பட்ட சர்டிபிகேட் செல்லாது. உடனே எழுதி மாத்தி வாங்குங்க, நாள் ஆக ஆக ஆபீஸ் பக்கம் தப்புன்னாலும் புது அப்ளிகேஷன் போடச் சொல்ல வாய்ப்பு இருக்கு.

செல்லுபடி ரெண்டு தேதி. குடுத்தவங்க போட்டது ஒண்ணு, எஃப்டிஏ மருந்து சர்டிபிகேட்னா பொதுவா 2 வருஷம். வாங்கறவங்க எதிர்பாக்கறது இன்னொண்ணு, ஆறு மாசத்துக்குள்ள குடுத்ததா இருக்கணும்னு சொல்ற நாடுகள் உண்டு. காலண்டர்ல ரெண்டாவத வச்சு நாள் குறிங்க. லேபிள் டிசைன் மாத்தற டீமுக்கும் சொல்லி வைங்க, மார்க்கெட்டிங்ல யாரோ பேர்ல ஒரு வார்த்தைய அழகுக்கு மாத்தி, அதனால ஏழு நாட்டு சர்டிபிகேட்டும் ஒரே நாள்ல பொருந்தாம போறது நெஜமாவே நடக்கற விஷயம்.

ஆபீஸ் பக்கம் என்ன மாறினா வேகமாகும்

கம்பெனி எவ்ளோ ஒழுங்கா இருந்தாலும் ஆபீஸ் பக்கமும் சில விஷயம் மாறணும். சங்கம் மூலமா கேக்கறவங்களுக்கு இது பயன்படும், ஏன்னா இதெல்லாம் ஏற்கனவே ஒத்துக்கிட்ட ஏற்பாடுதான். உலக வர்த்தக அமைப்போட வணிக எளிமை ஒப்பந்தம் 2017 பிப்ரவரி 22ல அமலுக்கு வந்துச்சு, அதுல சிங்கிள் விண்டோ (எல்லாத் துறைக்கும் ஒரே எடத்துல பேப்பர் குடுக்கறது) பத்தி இருக்கு, ஒரு அரசுத் துறைகிட்ட ஒரிஜினல் இருந்தா இன்னொரு துறை காப்பிய ஏத்துக்கணும்னும் இருக்கு. லைசென்ஸ் குடுத்த அதே அரசாங்கமே லைசென்ஸ் காப்பி கொண்டாங்கறத இத வச்சுக் கேள்வி கேக்கலாம்.

உணவுக்கு சர்வதேச தரம் வகுக்கற கோடெக்ஸ் அமைப்பு 2001ல உணவுக்கான பொது சர்டிபிகேட் எப்படி இருக்கணும்னு வழிகாட்டுதல் போட்டுச்சு, 2021ல அதுல பேப்பர் இல்லாம பரிமாற்றம் பண்றதையும் சேத்துச்சு. செடி கொடிப் பொருளுக்கு இபைட்டோ ஹப்னு ஒரு ஆன்லைன் பரிமாற்ற மையம் மூலமா 100க்கும் மேல நாடுகள் பைட்டோ சர்டிபிகேட்ட (பூச்சி, நோய் இல்லன்னு சொல்றது) சிஸ்டத்துல இருந்து சிஸ்டத்துக்கே அனுப்பிக்குது, கொரியரும் இல்ல, போலியும் கஷ்டம். எஃப்டிஏ குடுத்த சர்டிபிகேட் நெஜமான்னு பாக்க ஆன்லைன் வேலிடேட்டர் இருக்கு. மருந்து, காஸ்மெடிக் பக்கம் எல்லா நாட்டுக்கும் பொதுவா இப்படி ஒரு ஹப் இன்னும் வரல. அது வர்ற வரைக்கும் சங்கம் கேக்க வேண்டிய குறைந்தபட்சம்: டெம்ப்ளேட் எல்லாத்தையும் வெளிப்படையா போடுங்க, லைசென்ஸ் டேட்டாபேஸோட அப்ளிகேஷன இணைச்சு பேர், முகவரி தானா வர்ற மாதிரி வைங்க, பிரின்ட் பண்றதுக்கு முன்னாடி டிராஃப்ட கம்பெனிக்கு ஒரு நாள் காட்டுங்க, கேள்வி இருந்தா எல்லாத்தையும் ஒரே தடவைல கேளுங்க. இந்த நாலுல டிராஃப்ட் காட்டறதுக்கு எந்த சாஃப்ட்வேரும் வேணாம், ஒரு ஈமெயில் போதும், அதனால அதையே மொதல்ல கேளுங்க.